ஆளிருக்கும் வீடு

அத்தியாயம் 9

சனிக்கிழமை விடிந்து வெகுநேரமாகியும் அலீடாவின் கைகளில் மீன் வாசனை இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பழகவில்லை.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரச் சந்தைத் திடலில் அக்காவும் தங்கையுமாக நடத்திவந்த மீன் கடையைப் பனிக்காலத்தில் விற்றுவிட்டார்கள். வந்த பணத்தை வங்கியில் தூங்கவிடாமல் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று முடிவெடுத்தார்கள். வீடு தேடும் பொறுப்பை யாரும் கேட்காமலே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டவன், தங்கை யோரீனின் கணவன் ரூலோஃப். போன வாரம் அவன் ஆற்றங்கரைச் சந்தில் ஒரு வீட்டைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் தரகரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "எங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டும் வந்திருந்தான். கையெழுத்து எதுவும் ஆகவில்லை. ஆனால் இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மாப்பிள்ளை, சுவரைத் தட்டிப் பார்த்தீங்களா?" என்றாள் அலீடா, காப்பியை ஊற்றியபடி.

"அக்கா, அது வீடு. தர்பூசணி இல்லை."

"ரெண்டையும் அறுத்த பிறகுதான் தெரியும். அதுக்கு முன்னாடி தட்டித்தான் பார்க்கணும்."

ரூலோஃப் சைக்கிள் கடைக்காரன். எந்த ஓட்டை வண்டியையும் ஓடவைத்துவிடலாம் என்று நம்புகிறவன். நல்ல மனுஷன்தான். அந்த நம்பிக்கைதான் அலீடாவுக்குக் கவலை.

யோரீன் ஒன்றும் பேசாமல் பிஸ்கெட்டைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். கடையில் அலீடா முன்னால் நின்று திடல் முழுக்கக் கேட்கும்படி கூவி விற்பாள். யோரீன் பின்னால் குனிந்து செதில் எடுப்பாள். தங்கைக்கென்று தனியாக ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்பதே அலீடாவுக்குப் பல வருஷமாகத் தோன்றியதில்லை.

"கிளம்பலாமா?" என்றாள் யோரீன். அவ்வளவுதான்.

---

செங்கல் வீடு. இரண்டு மாடி. இரண்டு பக்கமும் இதே மாதிரி வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. வாசலில் தரகர் பாஸ்டியான் கூர்மூக்குக் காலணியும் வாசனைத் திரவியமுமாகக் காத்திருந்தான்.

"வாங்க, வாங்க! உள்ளே பாருங்க, போன மாசம்தான் எல்லாச் சுவருக்கும் புதுத் தாள் ஒட்டினது."

"விக்கப்போற வீட்டுக்கு எதுக்குப் புதுத் தாள்?" என்றாள் அலீடா.

"பார்க்க அழகா இருக்கணும்ல?"

"எங்க தொழில்ல மீனுக்குப் பளபளப்பு ஏத்தினா செவுளைத் தூக்கிப் பார்ப்பாங்க."

பாஸ்டியான் சிரித்தான். அலீடா சிரிக்கவில்லை.

உள்ளே குடியிருந்தவள் ஷெரிடா. சுரினாம் நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட பெண், பேருந்து ஓட்டுபவள். மதிய வேலைக்குக் கிளம்ப சீருடைச் சட்டை மாட்டியிருந்தாள். மகள் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். அடுப்பில் முட்டை பொரிந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க, சாப்பிடாம வண்டி எடுத்தா எனக்குக் கோபம் வரும். பயணிங்க பாவம்" என்றாள்.

அலீடா சட்டியை எட்டிப் பார்த்தாள். எண்ணெயும் மஞ்சள்கருவும் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன.

"அடுப்பு கோணலா?"

"அடுப்பு நேராத்தான் இருக்கு. வீடுதான். இந்த வீட்டுல எல்லாமே ஆத்துப் பக்கம்தான் ஓடும். மேசைக்கு அட்டை வெச்சிருக்கேன், கட்டிலுக்குப் பலகை வெச்சிருக்கேன். முட்டைக்கு என்ன வைக்கிறது?"

"பழைய வீடுங்க! இந்தச் சந்தே கொஞ்சம் சாய்ஞ்சதுதான். அதுலதான் அழகே" என்று பாஸ்டியான் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

அலீடா கூடத்துக்குப் போனாள். கூடத்துக் கதவு நிலையோடு சரியாகப் பொருந்தியிருந்தது. ஆனால் குனிந்து பார்த்தால் அடிப்பக்கம் சரிவாக இழைக்கப்பட்டிருந்தது. ஒரு ஓரம் தரையைத் தொட்டது, மறு ஓரத்தில் விரலை நுழைக்கலாம். ஜன்னல் மூலையில் புதுத் தாளின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே அமுங்கியது. தாளுக்குப் பின்னால் ஒரு வெடிப்பு, படிக்கட்டுப்போல மேலே ஏறிப் போனது.

"ரூலோஃப்" என்று கூப்பிட்டாள். மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. அவன் முகம் மாறியது.

"அக்கா, பூசினா போயிடும். ஒரு வாரத்து வேலை."

"பூசினதுதான் இது."

பாஸ்டியான் பேச்சை மாற்ற நினைத்திருக்க வேண்டும். "வீட்டை ஒப்படைக்கும்போது காலியாத்தான் கொடுப்போம். ஆள் இருக்காங்களேன்னு நீங்க கவலையே படாதீங்க" என்றான்.

பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. ஷெரிடா முட்டைத் தட்டோடு அறைவாசலில் நின்றிருந்தாள்.

"காலியா? யாரு காலி பண்றா?"

"அது... வீட்டுக்காரர் உங்ககிட்டப் பேசுவார்."

"இந்த வீட்டுல நாலு வருஷமா இருக்கேன். என் பொண்ணு இங்கேருந்துதான் பள்ளிக்கூடத்துக்கே போக ஆரம்பிச்சா. அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நீங்க இவங்ககிட்டப் பேசி முடிச்சிட்டீங்களா?"

அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அலீடாவின் காது சூடேறியது. வீடு பார்க்க வந்த இடத்தில் ஒருத்தியின் முட்டைத் தட்டுக்கு முன்னால் நின்று அவளை வெளியேற்றும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வாயைத் திறந்தாள். அதற்குள் வேறொரு குரல் எழுந்தது.

"அவங்க போனா எங்களுக்கு இந்த வீடே வேண்டாம்."

யோரீன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோரமாக நின்றிருந்தாள்.

"இல்லம்மா, காலி வீடுன்னா உங்களுக்குத்தானே லாபம்" என்றான் பாஸ்டியான், குழந்தைக்குச் சொல்வதுபோல. "புது ஆள் வைக்கலாம், வாடகையும் ஏத்தலாம்."

"ஏத்த முடியாது. வீட்டோட அளவு, வசதி எல்லாத்துக்கும் புள்ளி போட்டு அரசாங்கம்தான் வாடகைக்கு வரம்பு வெச்சிருக்கு. அதை விடுங்க. காலி வீட்டை வாங்கினா நாங்க வாடகைக்கே விட முடியாது."

"என்னடி சொல்றே?" என்றான் ரூலோஃப்.

யோரீன் அவனைப் பார்த்து, மெதுவாக, திடமாகச் சொன்னாள். "நம்ம ஊர்ல இந்த விலைக்குள்ள இருக்கற வீட்டை வாங்கினா வாங்கினவங்களே குடியிருக்கணும். வாடகைக்கு விடறதுக்குன்னு வாங்கக் கூடாது. ஆனா ஏற்கெனவே ஆறு மாசத்துக்கு மேல ஒருத்தர் வாடகைக்கு இருந்து, அவங்க இருக்கும்போதே வீடு கை மாறினா, அதுக்கு விலக்கு உண்டு. இவங்க இருக்கறதாலதான் நாம இந்த வீட்டைப் பத்திப் பேசவே முடியுது. இவங்களை அனுப்பிட்டா நம்மகிட்ட வீடு இருக்கும், வாடகை இருக்காது."

"உனக்கு இதெல்லாம் எப்படி...?"

"நகராட்சிக்குப் போன் பண்ணினேன். நீ கைகுலுக்கிட்டு வந்த மறுநாளே. வெகுநேரம் பாட்டுப் போட்டுக் காக்கவெச்சாங்க. காத்திருந்தேன். மறுபடியும் ஒரு தடவை பண்ணி வேற ஆள்கிட்டக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்."

பாஸ்டியான் குரலைத் தாழ்த்தினான். "பாருங்க, எல்லாரும் என்ன பண்றாங்கன்னா, நாங்களே குடியிருக்கோம்னு ஒரு முகவரி மாத்தி வெச்சுக்குவாங்க. யாரு வந்து எட்டிப் பார்க்கப்போறா?"

அலீடாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"தம்பி, நாங்க கெட்டுப்போன மீனை ஒரு நாளும் தராசுல வெச்சதில்லை. யாரு மோந்து பார்க்கப்போறான்னு நினைச்சிருந்தா வெச்சிருக்கலாம். இன்னிக்கு அதை ஆரம்பிக்க எங்களுக்கு வயசு தாண்டிப்போச்சு."

ஷெரிடா தட்டைக் கீழே வைத்தாள். யோரீனையே பார்த்தாள்.

"காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவளிடம் மட்டும்.

---

யோரீன் காப்பி குடிக்கட்டும் என்று அலீடா வெளியே வந்து இடப்பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள். ஒரு வீட்டின் உடம்பைப் பற்றி அதன் தரகரைவிடப் பக்கத்துச் சுவர்க்காரருக்கு அதிகம் தெரியும்.

கதவைத் திறந்த கிழவர் வீட்டில் உடுத்தும் நீள அங்கியோடு நின்றார். அலீடாவைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"அட, மீன்கார அலீடா! கடையை மூடிட்டு எங்களையெல்லாம் பட்டினி போட்டுட்டீங்களே! இப்போ சந்தையில விக்கறவன் ஹெரிங் மீன் மேல வெங்காயத்தை மலைமாதிரி கொட்டறான். எதை மறைக்கிறானோ!"

"பக்கத்து வீட்டை வாங்கலாமான்னு பார்க்கறோம். அது எதை மறைக்குதுன்னு உங்களைக் கேட்க வந்தேன்."

கோபஸ் (அதுதான் அவர் பெயர்) சிரிப்பை நிறுத்தினார். தெருவைப் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்தார்.

அவர் சொன்னது இதுதான். இந்த வரிசையில் மூன்று வீடுகள் ஒரே உடம்பு. மண் சதுப்பு. அதனால் கட்டும்போதே ஆழமாக அடித்து இறக்கிய மரக்கால்களின் மேல்தான் மூன்றும் நிற்கின்றன. மரம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கல் மாதிரி. நிலத்தடி நீர் இறங்கி மரத்தின் தலை காற்றில் பட்டால் மக்க ஆரம்பித்துவிடும். சில வருஷமாகக் கோடையில் நீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அவரும் வலப்பக்கத்து வீட்டுக்காரியும் தங்கள் பக்கம் குழி தோண்டி நிபுணரைக் கூட்டிவந்து பார்த்துவிட்டார்கள். புது அஸ்திவாரம் போட்டே ஆகவேண்டும்.

"போடவேண்டியதுதானே?"

"நடுவீட்டை விட்டுட்டு எப்படிப் போடறது? சுவர் பொதுச் சுவர். மூணு பேரும் சேர்ந்தாத்தான் வேலை நடக்கும். நாங்க தயார். நடுவீட்டுக்காரர்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு. கடைசியா வந்தவர் என்ன பண்ணினார் தெரியுமா? சுவருக்குப் புதுத் தாள் ஒட்டிட்டுப் போனார்."

"அப்போ அவருக்குத் தெரியும்."

"என் வாயாலேயே சொன்னேன். இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார்."

அலீடா எழுந்தாள். கோபஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்குங்கன்னு சொல்ல மாட்டேன். அது உங்க பணம். ஆனா நீங்க பக்கத்துல வந்தா எனக்கு நிம்மதி. உங்க வார்த்தை நிற்கும்."

தெருவுக்கு வந்தபோது அலீடா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். கடை போய்விட்டது. பெயர் போகவில்லை.

---

கோபஸ் சொன்னதைக் கேட்டபின் அலீடாவின் சமையலறையில் யாரும் ரொட்டியைத் தொடவில்லை.

"முடிஞ்சது. வேற வீடு பார்க்கலாம்" என்றாள் அலீடா. "மாப்பிள்ளை, உங்களைக் குத்தம் சொல்லலை. கையைக் குலுக்கினதுதான் தப்பு. கையெழுத்துப் போடலையே."

"எனக்கு என்ன தெரியும்? மேல கூரையைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன்" என்று ரூலோஃப் புலம்பினான். "வீட்டுக்குக் கீழே மரம் இருக்குன்னு கனவா கண்டேன்? உங்களுக்கு ஒரு நல்லது பண்ணணும்னுதான் ஓடினேன்."

"வாங்கலாம்" என்றாள் யோரீன்.

இருவரும் திரும்பினார்கள்.

"எதை?"

"அதே வீட்டை."

"உனக்குப் பைத்தியமாடி? கால் மக்கின வீடு!"

"கால் மக்கினதுன்னு தெரிஞ்ச வீடு, அக்கா. இந்த ஊர்ல நாம அடுத்துப் பார்க்கப்போற பழைய வீட்டுக்கும் கீழே மரம்தான் இருக்கும். அது எப்படி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. இங்கே தெரியும். ரெண்டு பக்கத்துக்காரங்களும் வேலைக்குத் தயாரா நிக்கறாங்க. அப்படி ஒரு வாய்ப்பு எந்தச் சந்துல கிடைக்கும்? அஸ்திவாரச் செலவு முழுக்க விலையிலேருந்து குறையணும். நாம கூட்டிட்டு வர்ற ஆள் முதல்ல குழி தோண்டிப் பார்க்கணும். அவர் முடியாதுன்னு சொன்னா விட்டுடுவோம். முடியும்னா வாங்குவோம். ஷெரிடா அங்கேயே இருப்பாங்க."

"கடையை வித்த காசு முழுக்க அதுல போயிடும். நமக்கு வேற ஒண்ணும் இல்லை, யோரீன்."

"தெரியும்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு. நான் எல்லாத்துக்கும்தான் பயப்படறேன். அதனாலதான் எல்லாத்தையும் ரெண்டு தடவை கேட்டுத் தெரிஞ்சுக்கறேன். இத்தனை வருஷமும் எந்தப் படகு மீனை எடுக்கணும், எதைத் திருப்பி அனுப்பணும்னு யாரு பார்த்தா, அக்கா? நீ கூவி வித்தே. வித்த மீனைத் தேர்ந்தெடுத்தது நான்."

அலீடாவுக்குக் கடை நாட்கள் நினைவுக்கு வந்தன. விடியற்காலையில் துறைமுகத்திலிருந்து பெட்டிகள் வரும். யோரீன் ஒவ்வொன்றாகத் திறப்பாள். சிலதைப் பேசாமல் தள்ளி வைப்பாள். தள்ளி வைத்ததை அலீடா ஒருபோதும் ஏன் என்று கேட்டதில்லை. "அலீடா கடை மீன்" என்று ஊரே சொன்ன அந்தப் பெயர், பாதிக்குமேல் தன் தங்கையின் பெயர். இது இன்றைக்குத்தானா தனக்கு உறைக்க வேண்டும்?

வெட்கம் வரவேண்டிய இடம். வந்ததென்னவோ பெருமை.

"சரி. பாஸ்டியானுக்கு நான் போன் பண்றேன்" என்றான் ரூலோஃப்.

"நான் பண்றேன்" என்றாள் யோரீன்.

போனை மேசைமேல் வைத்து எல்லோரும் கேட்கும்படி பேசினாள். குரல் உயரவே இல்லை. குழி, விலைக் குறைப்பு, ஷெரிடா, மூன்றையும் சொன்னாள்.

"அம்மா, நடக்காது" என்றான் பாஸ்டியான். "காலி வீடுன்னா வாங்கறதுக்கு வேற ஒரு ஜோடி வரிசையில நிக்குது."

"நல்லது. அவங்ககிட்டயும் அஸ்திவாரத்தைப் பத்திச் சொல்லுவீங்கதானே?"

யோரீன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே தெரியும். கோபஸ் நேர்லேயே சொல்லியிருக்கார். இப்போ நான் சொன்னதால உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சு மறைச்சு வித்தா அப்புறம் யாரு யாரைத் தேடி வருவாங்கன்னு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "வீட்டுக்காரர்கிட்டப் பேசிட்டுக் கூப்பிடறேன்."

யோரீன் போனை வைத்தாள். ரூலோஃப் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். "உன்னைக் கல்யாணம் பண்ணி இத்தனை வருஷமாச்சு. எங்கடி இருந்தே நீ?"

"பின்னாடி. செதில் எடுத்துட்டு இருந்தேன்."

அலீடா ரொட்டியில் வெண்ணெய் தடவி, தடிமனாகப் பாலாடைக்கட்டி வைத்து, முதல் துண்டைத் தங்கையின் தட்டில் போட்டாள். வழக்கமாக அது அவளுடைய துண்டு.

---

மாலைவரை பாஸ்டியான் கூப்பிடவில்லை. வெளியே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. போன் அடித்தது. பேசியது ஷெரிடா.

"யோரீன் அம்மா, உங்க நம்பர் கொடுத்துட்டுப் போனீங்களே... இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்தேன். வீட்டுக்காரர் வந்திருக்கார். கூடத்துல உட்கார்ந்திருக்கார். நானே விருப்பப்பட்டுக் காலி பண்றேன்னு எழுதிக் கொடுக்கச் சொல்றார். கையெழுத்துப் போட்டா இடமாத்தத்துக்குப் பணம் தர்றாராம். போடலைன்னா அஸ்திவாரத்தைக் காட்டி, வீடு ஆபத்துன்னு சொல்லி எங்களைத் தெருவுல நிறுத்திடுவாராம். நான் குழந்தையோட எங்கே போவேன்?"

ரூலோஃப் எழுந்துவிட்டான். அலீடாவுக்குப் புரிந்தது. அந்த ஒரு கையெழுத்து விழுந்தால் வீடு காலி. காலியானால் தங்களால் வாங்கி வாடகைக்கு விட முடியாது. ஷெரிடாவுக்கும் கூரை இருக்காது.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் யோரீன். "யோசிக்க நேரம் வேணும்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க. வீடு கை மாறினாலும் உங்க வாடகை ஒப்பந்தம் அப்படியே நிற்கும். அது சட்டம். உங்க சம்மதம் இல்லாம உங்களை யாராலும் இன்னிக்கு வெளியே அனுப்ப முடியாது. கோபஸைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வைங்க. நாங்க வர்றோம்."

"வருவீங்களா?"

"கிளம்பியாச்சு."

மூவரும் சைக்கிளை எடுத்தார்கள். ஆற்றுப்பாலம் வரைக்கும் காற்று எதிராக அடித்தது. எங்கே போனாலும் அலீடாதான் முன்னால் மிதிப்பாள். அதுதான் வழக்கம். இன்று பாலத்தின் ஏற்றத்தில் யோரீன் அவளைத் தாண்டிப் போனாள், திரும்பிக்கூடப் பார்க்காமல், கோட்டு இரண்டு பக்கமும் படபடக்க.

அலீடா முந்த முயலவில்லை.

"அக்கா, வேகமா வாங்க!" என்று ரூலோஃப் கத்தினான். "நாம போறதுக்குள்ள இவ அந்த ஆளை முழுங்கிடுவா!"

"முழுங்கட்டும்" என்றாள் அலீடா, மூச்சு வாங்க. "என் தங்கச்சி."

சந்து திரும்பியதும் அந்த வீட்டின் கதவு அகலத் திறந்திருப்பது தெரிந்தது. கோபஸ் அங்கியோடு வாசலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். 'வாருங்கள்' என்கிறாரா, 'வராதீர்கள்' என்கிறாரா, அந்தத் தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. யோரீன் வேகத்தைக் குறைக்கவே இல்லை.